நிற்பதற்கு ஒரு பிளக்

ஒரு புதிர் போடுகிறேன். விடை சொல்லுங்கள் பார்ப்போம்.

ஒரு வீடு. அதில் நான்கு அறைகள். எந்த அறைக்கும் சன்னல் கிடையாது. ஒவ்வோர் அறையின் கூரையிலும் ஒரு பல் தொங்குகிறது. பல்லின் நுனியில் மின்னல் வெட்டுகிறது, இடி இடிக்கிறது. ஆனால் ஒரு சொட்டு மழை பெய்வதில்லை. மின்னல் நின்றால் வீடே நின்றுவிடும். அது என்ன வீடு?

தெரியவில்லையா? பரவாயில்லை. சென்னியப்பனுக்கும் தெரிந்திருக்காது. இத்தனைக்கும் அந்த வீட்டை அவர் தினமும் மலைமேல் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்.

அது அவருடைய பழைய பெட்ரோல் ஜீப்பின் இஞ்சின். கூரையில் தொங்கும் பல்தான் பிளக், பெட்ரோலைப் பற்றவைக்கும் தீப்பொறி அதன் நுனியில்தான் பிறக்கிறது.

நெல்லித்தொட்டி மலைமேல் இருக்கும் சிற்றூர். அங்கே பள்ளிக்கூடம் இல்லை. அடிவாரத்தில்தான் இருக்கிறது. நடுவில் அடர்ந்த காடு. காலையில் பிள்ளைகளை இறக்கி, சாயங்காலம் ஏற்றி வருவது சென்னியப்பனின் ஜீப். அந்தப் பாதையில் வேறு வண்டி வராது.

ஒரு சாயங்காலம் பிள்ளைகளோடு ஏறிக்கொண்டிருந்தபோது, கொண்டை ஊசி வளைவு ஒன்றில் யானை நின்றது. தாய் யானை. அதன் காலடியில் குட்டி.

யானை நின்றால் என்ன செய்வது என்று அந்தப் பாதையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். தூரத்திலேயே நிறுத்த வேண்டும். ஹாரன் அடிக்கக் கூடாது. இஞ்சினை அணைக்கக் கூடாது, ஏனென்றால் பின்னால் போக நேர்ந்தால் அந்தக் கணமே போக வேண்டும். அப்புறம் யானைக்கு மனம் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

சென்னியப்பன் அப்படித்தான் காத்திருந்தார். இஞ்சின் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. பிறகு இருமியது. பிறகு விக்கியது. நின்றுவிட்டது.

சாவியைத் திருப்பினார். கர்... கர்... கர்... அதற்குமேல் ஒன்றுமில்லை.

யானை நடந்து வந்தது. துதிக்கையின் நுனியை ஜீப்பின் மூக்கின்மேல் வைத்தது. சூடு பட்டதும் எடுத்துக்கொண்டது. மறுபடியும் வைத்தது. உள்ளே ஒரு பிள்ளையும் மூச்சு விடவில்லை. பின்பு யானை ஒரு பாறை இடம் மாறுவதுபோல மெதுவாகத் திரும்பி, குட்டியைத் தள்ளிக்கொண்டு பள்ளத்தில் இறங்கிப் போய்விட்டது. சென்னியப்பன் பிளக்குகளைக் கழற்றித் துடைத்துப் போட்ட பிறகுதான் இஞ்சின் மறுபடி கிளம்பியது.

மறுநாள் காலையில் ஜீப்பருகே யாரும் வரவில்லை. மாதி என்ற சிறுமி மட்டும் தன் வீட்டு வாசலில் நின்று சொன்னாள்.

"நான் வரல மாமா. உன் வண்டி நம்மளக் கைவிட்டுடுச்சு."

மாதியின் அப்பா ஜடையன் சென்னியப்பனைத் தனியாக அழைத்துப் போனார்.

"உன்மேல கோபமில்ல. ஆனா பயந்த பிள்ளையத் தூக்கி வண்டியில போட எங்களுக்கு மனசு வரல. அவங்களா ஏறினா அனுப்பறோம். மாதி ஏறினா மத்த பிள்ளைங்களும் ஏறும்."

"ஏறலன்னா?"

"ஏறலன்னா பள்ளிக்கூடம் போச்சு. வேறென்ன?"

மறுநாள் காலையில் சென்னியப்பன் ஜீப்பைத் தனியாக அடிவாரத்துக்கு இறக்கினார்.

அங்கே தகரக் கொட்டகை போட்டு வண்டிகளைப் பழுது பார்ப்பவர் துளசிமணி. சென்னியப்பனைவிட வயதில் வெகு இளைய பெண். எங்கே தொழில் கற்றுக்கொண்டாய் என்று யாராவது கேட்டால், "கெட்டுப்போன வண்டிங்ககிட்டதானுங்க" என்பார். அதற்குமேல் கேட்டால் பதில் வராது, ஸ்பானர் சத்தம்தான் வரும்.

சென்னியப்பன் துளசிமணியின் முன்னால் துண்டை விரித்து நான்கு பிளக்குகளை வைத்தார். நான்கும் வெள்ளிபோல மின்னின.

"புதுசுங்களா அண்ணா?"

"புதுசு மாதிரி இருக்குதில்ல!" சென்னியப்பனின் முகம் மலர்ந்தது. "ஞாயித்துக்கிழமை ஆனா கழட்டிடுவேன் அம்மிணி. கம்பி பிரஷ்ஷுல தேய்ச்சு, மேல எமரி பேப்பர் போட்டு... எங்க வீட்டு வெண்கலக் குண்டாகூட இப்படி மின்னாது."

"யானைக்கு முன்னாடி நின்னுபோனது இதுங்கதானா?"

"இதுங்கதான். காலையில இங்க வந்து வண்டி ஆறினதும் கழட்டி நல்லாத் தேய்ச்சுக் கொண்டாந்தேன். அழுக்கோட உன் முன்னால வைக்க வெக்கமா இருக்காதா?"

துளசிமணி ஒரு பிளக்கை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போறப்ப, காய்ச்சலை வீட்லயே வச்சுட்டுப் போவீங்களாண்ணா?"

சென்னியப்பனுக்குப் புரியவில்லை.

"எந்த பிளக்குப் போடணும், அதை மட்டும் சொல்லிடு அம்மிணி. இருக்கறதுலயே ஒசத்தியானதைப் போட்டுடறேன். பிள்ளைங்க படிப்பு கெட்டுட்டிருக்குது."

"இதையே போடுங்க."

"இதையா?"

"இதையே போட்டுட்டு மலை ஏறுங்க. அதே வளைவுல, அன்னிக்கு நின்ன மாதிரியே நில்லுங்க. இஞ்சின் நின்னுதுன்னா மறுபடி சாவியைத் தொடாதீங்க. அப்படியே உருட்டி இறக்கிட்டு வாங்க. நான் கழட்டிக்கறேன். நீங்க துடைக்க வேண்டாம்."

"யானை இருக்காதே அம்மிணி?"

"நீங்க இருப்பீங்கல்ல."

சென்னியப்பன் போனார்.

வளைவில் யாருமில்லை. மூங்கில் மட்டும் அசைந்தது. ஜீப்பை நிறுத்தி, இஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தார். யானை நின்ற இடத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தார். பார்த்தார். பார்க்கப் பார்க்க அந்த இடம் பெரிதாகிக்கொண்டே போனது. சிறிது நேரத்தில் இஞ்சின் இருமியது. விக்கியது. நின்றது.

சாவியைத் தொடவில்லை. வண்டியைப் பின்னால் உருளவிட்டு வளைவில் மெல்லத் திருப்பி, பிரேக்கை மிதித்து மிதித்து, சத்தமில்லாமல் மலையை விட்டு இறங்கினார். இறங்கும்போது காட்டின் சத்தம் அத்தனையும் காதில் விழுந்தது. இத்தனை பறவைகள் இருக்கின்றன என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

துளசிமணி இஞ்சின் ஆறும்வரை பொறுத்திருந்தார். பிளக்குகளைச் சுற்றியிருந்த தூசியை ஊதித் தள்ளினார். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒரு முட்டை அட்டையின் குழிகளில் வரிசை மாறாமல் நிறுத்தினார். எந்த அறைப் பல் எந்தக் குழியில் என்பது மாறிவிடக் கூடாது.

நான்கும் கரேலென்றிருந்தன. அடுப்புக்கரி போன்ற கறுப்பு. தொட்டால் பஞ்சுபோல ஒட்டும் கறுப்பு.

"ஐயோ, காலையிலதானே தேய்ச்சேன்!"

"பேசாதீங்கண்ணா. அதுங்க பேசட்டும்."

துளசிமணி முதல் பிளக்கை வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பூதக்கண்ணாடியை அதன்மேல் வைத்தார். நெடுநேரம் பார்த்தார்.

"பெட்ரோல் கூடுதலா வரட்டும்னு சோக்கை இழுத்துக் கிளப்பியிருக்கீங்க. ஏத்தம் தொடங்கற வரைக்கும் அதை உள்ள தள்ள மறந்துட்டீங்க."

சென்னியப்பன் விழித்தார். அது உண்மை.

"வளைவுல ரொம்ப நேரம் நின்னிருக்கீங்க."

"ஆமா."

"நின்னப்ப ஆக்சிலேட்டர்மேல கால் சும்மா இருக்கல. அமுக்கி அமுக்கி விட்டிருக்கீங்க."

சென்னியப்பன் தன் வலது காலைக் குனிந்து பார்த்தார். கால் அங்கே நடுங்கிக்கொண்டிருந்தது அவருக்கே தெரியாது. இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"இதெல்லாம் அதுலயா எழுதியிருக்குது?"

"பெட்ரோல் அதிகமாப் போயி, சரியா எரியாம, கரியாப் படிஞ்சிருக்குது. எப்பப் போச்சு, ஏன் போச்சுன்னு யோசிச்சாப் போதும்." துளசிமணி கண்ணாடியை நீட்டினார். "இங்க பாருங்க."

கரியை ஓரிடத்தில் மட்டும் விரலால் ஒற்றி எடுத்திருந்தார். அடியில் வெள்ளைப் பீங்கான். பீங்கானில் மெல்லிய சாம்பல் நிறக் கோடுகள்.

"உங்க கம்பி பிரஷ்ஷு. அதோட இரும்பு பீங்கான்ல தேய்ஞ்சு ஒட்டியிருக்குது. மின்சாரம் போகக் கூடாத இடத்துல நீங்களே தடம் போட்டுக் குடுத்திருக்கீங்க."

சென்னியப்பன் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார். அத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்!

துளசிமணி கொட்டகையின் கதவைப் பாதி இறக்கினார். உள்ளே இருள் கவிந்தது. மரப்பிடி இடுக்கியால் ஒரு புது பிளக்கை ஒயரோடு பிடித்து, இஞ்சினின் இரும்பில் தொட்டாற்போல் வைத்தார்.

"சாவியைத் திருப்புங்க. திருப்பிட்டு இங்க எட்டிப் பாருங்க."

சென்னியப்பன் திருப்பிவிட்டு எட்டிப் பார்த்தார்.

டிக். டிக். டிக்.

இரண்டு முனைகளுக்கு நடுவே, ஒரு நகம் நுழையும் இடைவெளியில், நீல நிறத்தில் ஒரு சின்னஞ்சிறு மின்னல் குதித்தது. அணைந்தது. மறுபடி குதித்தது. வானத்தில் பார்ப்பது போலவே கிளையோடு இருந்தது. அரிசிமணி அளவுதான் இருந்தது. காற்றில் மழைக்கு முந்தைய வாசம் வந்தது.

அவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். எத்தனை வருஷமாக இது தன் முழங்காலுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்திருக்கிறது!

"மலை ஏறி முடிக்கறதுக்குள்ள இது எத்தனை தடவை குதிக்கும் அம்மிணி?"

"எண்ணினவங்க யாரும் இல்லீங்க. ஒரு தடவை தப்பினாலும் வண்டி விக்கும்."

பிறகு கரி படிந்த பழைய பிளக்கை அதே இடத்தில் பிடித்தார். சாவியைத் திருப்பச் சொன்னார்.

ஒன்றுமில்லை. இருள்தான்.

"மின்சாரம் வரலையா?"

"வந்துச்சு. தாண்ட வேண்டிய இடத்துல தாண்டல. கரி மேல நடந்து அந்தப் பக்கமாப் போயிடுச்சு. வழி இருந்தா யாரு தாண்டுவாங்க?"

கதவு மறுபடி உயர்ந்தது. வெயில் உள்ளே வந்தது.

"சரி அம்மிணி. இப்பவாவது சொல்லு. எந்த பிளக்கு?"

"பசிக்குதுண்ணா. வாங்க, தோசை சாப்பிடலாம்."

கொட்டகைக்குப் பின்னால் ஒரு சாய்ப்பு. அங்கே அடுப்பு. துளசிமணி அடுப்பைப் பற்றவைத்தார். தோசைக்கல்லை வைத்தார். வைத்த கையோடு மாவை ஊற்றினார்.

"என்ன அம்மிணி, கல்லு காயவே இல்லையே!"

துளசிமணி மாவை வட்டமாக இழுத்தார். மாவு கல்லில் அப்பிக்கொண்டது. தோசைத் திருப்பியால் எடுக்கப் போனால் கிழிந்தது. எடுக்க முடிந்ததை எடுத்துச் சென்னியப்பனின் தட்டில் வைத்தார். அவர் மரியாதைக்காக ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டார்.

கல் கொழுந்துவிட்டு எரியும் தீயில் இருந்தது. புகை வந்தது. துளசிமணி அடுத்த மாவை ஊற்றினார். ஊற்றும்போதே அது வெடித்துச் சுருண்டது. கருகிய வாசம் வீசியது.

"இதையும் தின்னணுமா?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"வேண்டாங்க. நீங்க ஊத்துங்க இப்ப."

சென்னியப்பன் எழுந்து தீயைத் தணித்தார். கல்லில் தண்ணீரைத் தெளித்தார். சொய்யென்று ஓசை வந்தது. ஒரு நொடி காத்திருந்து மாவை ஊற்றி வட்டமாக இழுத்தார். ஓரம் தானாக எழும்பியது. திருப்பியால் தொட்டதும் தோசை கல்லை விட்டு எழுந்தது.

"ஏண்ணா, இந்தக் கல்லை எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சு மினுக்கி வைக்கட்டுமா?"

"ஐயையோ! தேய்ச்சா அப்புறம் ஒரு தோசையும் வராதே. காயற பக்குவத்துல காஞ்சா, ஒட்டினது தானா விட்டுட்டு..."

சென்னியப்பன் பேச்சை நிறுத்தினார். தோசைத் திருப்பி கையிலேயே இருந்தது. அடுப்பைப் பார்த்தார். கொட்டகையைப் பார்த்தார்.

"என் பிளக்கு காயலையா அம்மிணி?"

"காயலைங்க."

துளசிமணி இரண்டு பிளக்குகளைக் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே உயரம், ஒரே திருகுமரை. உள்ளே தெரிந்த பீங்கான் மூக்கு மட்டும் ஒன்றில் குட்டை, மற்றதில் நீளம்.

"குட்டை மூக்கு சூட்டைச் சட்டுனு இரும்புக்குக் குடுத்துடும். அது உங்களுது. நீள மூக்கு சூட்டைக் கொஞ்சம் வச்சுக்கும். மேல படியற கரியை அந்தச் சூட்டுல அதுவே எரிச்சுக்கும்."

"அப்போ நீளத்துலயே பெரிய நீளமாப் போட்டுட்டா?"

"புகைஞ்சுதே, அந்தத் தோசை."

சென்னியப்பன் தலையாட்டினார். ஆனால் ஒரு வருத்தம் அவரை விடவில்லை.

"கடைக்காரர் ஏமாத்திட்டாரா அம்மிணி? மலைக்கு இந்தக் குட்டை மூக்குதான் நல்லதுன்னு சத்தியம் பண்ணாரே."

"நீங்க என்னன்னு கேட்டீங்க?"

"பிள்ளைங்க பாரத்தோட மலை ஏறணும், இஞ்சின் கொதிக்கக் கூடாது, அதுக்கு ஒரு பிளக்கு குடுன்னு கேட்டேன்."

"அதுக்கு அவர் குடுத்தது சரிதாங்க. ஏறறதுக்குக் கேட்டீங்க. நிக்கறதுக்கு நீங்க கேக்கல."

சென்னியப்பன் இரண்டு மூக்குகளையும் மாறி மாறிப் பார்த்தார். தோசை ஆறிக்கொண்டிருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் பழைய பிளக்கைவிட ஒரு படி மட்டும் நீண்ட மூக்குள்ள நான்கு பிளக்குகளைத் துளசிமணி தேர்ந்தெடுத்தார். ஆனால் பொருத்தவில்லை.

"நீங்க போடுங்க."

மெல்லிய எஃகுத் தகடுகள் விசிறிபோல விரியும் ஒரு கருவியைக் கொடுத்தார். சென்னியப்பன் ஒரு தகட்டை முனைகளுக்கு நடுவே நுழைத்து இடைவெளி பார்த்தார். தகடு சிரமப்படவும் கூடாது, சறுக்கவும் கூடாது. சோற்றில் கல் தேடும் கவனத்தோடு நான்கையும் பார்த்தார்.

பிறகு பிளக்கை ஸ்பானரில் மாட்டப் போனார். துளசிமணி அந்த ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டு ஒரு சாண் ரப்பர் குழாயை நீட்டினார்.

"இதுல சொருகித் திருகுங்க."

ரப்பர் குழாயின் நுனியில் பிளக்கைச் செருகித் திருகினார். முதல் மூன்றும் சுலபமாக இறங்கின. நான்காவது முரண்டு பிடித்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தித் திருக, பிளக் அசையவில்லை. குழாய் மட்டும் வழுக்கிச் சுற்றியது.

"குழாய் சரியில்ல அம்மிணி, வழுக்குது."

"அதுக்குத்தாண்ணா குழாய். மரை கோணலாப் பிடிச்சிருக்குது. ஸ்பானரா இருந்தா இந்நேரம் அறுத்துட்டு இறங்கியிருக்கும்."

சென்னியப்பன் பிளக்கை வெளியே எடுத்து, மறுபடி நேராக வைத்து, விரல் பலம் மட்டும் கொடுத்துத் திருகினார். அது தானாக இறங்கி அமர்ந்தது. கடைசியில்தான் ஸ்பானர் தொட்டது. அதுவும் ஒரு சின்னத் திருகல்.

இஞ்சினைக் கிளப்பினார். அது உறுமியது. அவர் வெகுநேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். அந்த உறுமலுக்குள் நான்கு அறைகளிலும் நீலமாகக் குதித்துக்கொண்டிருப்பதை நினைத்தார்.

"இனி எத்தனை நாளைக்கு ஒரு தடவை துடைக்கணும்?"

"துடைக்காதீங்க. கழட்டிப் பாருங்க. பால் விட்ட காப்பி நிறத்துல இருந்தா, அப்படியே திரும்பப் போட்டுடுங்க."

சென்னியப்பன் ஜீப்பில் ஏறினார். ஏறியவர் மறுபடி இறங்கினார். அவர் முகத்தில் இன்னொரு கேள்வி இருந்தது. எல்லாக் கேள்விகளுக்கும் பின்னால் நின்றுகொண்டிருந்தது அதுதான்.

"வண்டியில ஏற மாட்டேங்கற அந்த மாதிப் பிள்ளைகிட்ட நான் என்ன சொல்லட்டும் அம்மிணி? இனி நிக்கவே நிக்காதுன்னு சாமிமேல சத்தியம் பண்ணட்டுமா?"

"நீங்க பண்ணுவீங்க. இஞ்சின் பண்ணுமா?"

"அப்போ என்னதான் சொல்ல?"

"ஒண்ணும் சொல்லாதீங்க. ஊருக்கு நடுவுல நிறுத்தி, அணைக்காம நில்லுங்க."

"எவ்வளவு நேரம் நிக்கறது?"

துளசிமணி கையிலிருந்த கரியைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"யானைக்கு நேரம் பாத்தீங்களாண்ணா?"

சென்னியப்பன் வண்டியை எடுத்தார்.

மறுநாள் காலையில் நெல்லித்தொட்டியின் நடுவில் ஜீப் நின்றது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அமர்ந்திருந்தார். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துத் தரையில் வைத்திருந்தார்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியே வந்து தூரத்தில் நின்றார்கள். யாரும் அருகில் வரவில்லை. ஜடையன் வந்தார்.

"என்ன சென்னியப்பா, பெட்ரோல் ஓடையில வருதா? சும்மா எரிச்சுட்டிருக்க?"

சென்னியப்பன் சிரித்ததோடு சரி.

மாதி வெளியே வந்து பார்த்தாள். உள்ளே போனாள். கூழ் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தாள். ஆட்டுக்குத் தழை போடப் போனாள். திரும்பி வந்தபோதும் இஞ்சின் அதே குரலில் ஓடிக்கொண்டிருந்தது. இருமவில்லை.

"அணைக்க மாட்டியா மாமா?"

"மாட்டேன்."

"நான் வரலன்னாலும்?"

"ம்."

மாதி ஜீப்பைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். வேலியோரம் போய் உட்கார்ந்தாள். வெயில் ஏறியது. பிள்ளைகள் ஜீப்பைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜடையன் இரண்டு தடவை வாயைத் திறந்தார், இரண்டு தடவையும் மூடிக்கொண்டார்.

மாதி எழுந்து வீட்டுக்குள் போய்ப் பையை எடுத்து வந்தாள். ஜீப்பின் பின்பக்கம் ஏறி, இறங்கும் வழியை ஒட்டி, நினைத்தால் குதித்துவிடும் இடத்தில் உட்கார்ந்தாள்.